பங்கும் பாசமும்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை)

 

போன மாதம் பங்குத் தந்தை என்னை அழைத்து, "நாற்பது வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியிருக்கிறீர்கள். குடும்ப நாளன்று சொத்துப் பிரிப்பதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். "விழா மேடையில் சொத்துப் பேச்சா சாமி?" என்று கேட்டேன். "நம் பங்கில் அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசாத வீடுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்" என்றார்கள். அன்று இரவு படுத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே சொல்லமாட்டேன். கோவிலின் வலப்பக்கம் ஒருவரும் இடப்பக்கம் ஒருவருமாக நின்று பூசை காண்கிற உடன்பிறப்புகளுக்கு நடுவே கிடப்பது பெரும்பாலும் ஒரு பழைய வீடு, அல்லது வாய்க்கால் ஓரத்தில் சில சென்ட் வயல்.

நாம் நம் ஞானக் குடும்பத்தைப் 'பங்கு' என்கிறோம். தகப்பனார் சொத்தில் வருவதையும் 'பங்கு' என்கிறோம். முதல் பங்கில் ஒன்றாக இருக்கும் நம்மை இரண்டாவது பங்கு பிரித்துவிடலாமா? இதுதான் இன்று என் கேள்வி.

லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒருவன் கூட்டத்திலிருந்து எழுந்து, தன் சகோதரன் சொத்தில் பங்கு தரும்படி சொல்லவேண்டும் என்று இயேசுவிடம் முறையிடுகிறான். ஆண்டவர் அந்தப் பஞ்சாயத்தை ஏற்கவில்லை. பேராசையைப் பற்றி எச்சரித்துவிட்டு, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரனின் கதையைச் சொல்கிறார். அந்தப் பணக்காரன் அன்று இரவே இறந்துபோவான். சேர்த்ததெல்லாம் யாருக்கு என்ற கேள்வியோடு கதை முடிகிறது. என் தொழிலில் நான் நாள்தோறும் பார்த்தது அந்தக் கேள்வியைத்தான். அவன் உயில் எழுதி வைத்திருக்கமாட்டான் என்றே எனக்குத் தோன்றும்!

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு இந்து நண்பர்களுக்கு உள்ள சட்டம் வேறு, நமக்கு உள்ளது வேறு. நமக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். இதில் பிறப்பால் வரும் உரிமை கிடையாது. தகப்பனார் உயிரோடு இருக்கும்வரை சொத்து அவருடையது. மகன் வந்து, "என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்" என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஊதாரி மகன் கேட்டானே என்பீர்கள். கேட்டான், அந்தத் தகப்பன் அன்பினால் கொடுத்தார், கடமையினால் அல்ல.

தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம். மீதி இரண்டு பாகமும் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. கல்யாணமானவள், ஆகாதவள் என்ற வித்தியாசமும் இல்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்த மகளுக்கும் அதே பங்குதான். மனைவி முந்தி இறந்தால் அவள் சொத்தில் கணவனுக்கும் இதே கணக்கு. பெற்றோருக்கு முன்பே இறந்துபோன மகனின் அல்லது மகளின் பிள்ளைகள் அந்தப் பங்கை எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு இடங்களில் இந்தச் சட்டம் பலரைத் திகைக்க வைக்கும். கணவனை இழந்த மருமகளுக்கு மாமனார் சொத்தில் நேரடியாக ஒன்றுமில்லை. அவள் பிள்ளைகளுக்குத்தான் உண்டு. மனைவி மக்களை விட்டுவிட்டு ஒரு மகன் இறந்தால், அவன் சொத்தில் பெற்ற தாய்க்கு எதுவுமில்லை. அந்த மருமகளுக்கும் அந்தத் தாய்க்கும் ஏதாவது போய்ச் சேரவேண்டுமானால், யாராவது உயில் எழுதியிருக்க வேண்டும்.

பெண்ணுக்குச் சமப் பங்கு என்பது எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. நம் மேற்கே செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நெல்லை மாவட்டத்தோடு சேர்ந்தது. அதற்குமுன் திருவிதாங்கூர்ச் சீமை. அங்கே 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் நடந்தது. அதன்படி மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு, அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. லத்தீன் ரீதிக் கத்தோலிக்கரில் சிலருக்கு, அவர்கள் வழக்கப்படி ஆணும் பெண்ணும் சமமாகப் பிரித்துக்கொள்ள அந்தச் சட்டமே விலக்களித்திருந்தது. கோட்டயத்துப் பள்ளி ஆசிரியை மேரி ராய் அம்மையார் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1986 பிப்ரவரி 24-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் 1 முதலே அங்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றது நீதிமன்றம். ஒரு பெண் கேட்டதால் பல குடும்பத்துப் பெண்களுக்குக் கிடைத்தது. எண்ணிக்கை நூலில் ஐந்து சகோதரிகள் மோசேயின் முன் வந்து நின்று, ஆண் வாரிசு இல்லாத தங்கள் தகப்பனின் பங்கைக் கேட்டதும், அவர்கள் கேட்டது நியாயம் என்று ஆண்டவர் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆற்றுப்பாசனத்தில் சமப் பங்கு எப்போதிருந்தோ நமக்கு இருக்கிறதே, இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். சட்டத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் இருக்கிறதா? இங்கேதான் நான் என் கதையைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இந்தப் பேச்சைப் பேச எனக்குத் தகுதியில்லை.

என் தகப்பனார் 1979-இல் இறந்தார். உயில் இல்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 90 சென்ட் நஞ்சை, ஓட்டு வீடு ஒன்று. அம்மா இருந்தார்கள். பிள்ளைகள் மூவர்: நான், தம்பி, தங்கை. வயலில் அம்மாவுக்கு 30 சென்ட், எங்கள் ஒவ்வொருவருக்கும் 20 சென்ட் என்பது சட்டம் சொன்ன கணக்கு. எனக்கு அது நன்றாகத் தெரியும். என் தொழிலே அதுதான். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, நான் முன்பே எழுதி வைத்திருந்த விடுதலைப் பத்திரத்தை எடுத்தேன். "உன் கல்யாணத்துக்கு நகை போட்டு, சீர் செய்து, எல்லாம் செய்தாச்சே அம்மா" என்றேன். தங்கை மறுபேச்சுப் பேசவில்லை. "எனக்கு எதுக்குண்ணே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் அலுவலகத்துக்கும் வந்து பதிவு செய்து கொடுத்தாள். அந்தப் பத்திரத்தை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

பின்னாளில் அவள் புருஷன் நோயில் விழுந்தார். அவள் பீடி சுற்றி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். ஒருநாளும் என்னிடம் வயலைப் பற்றிக் கேட்டதில்லை. கார் அறுப்பிலும் பிசான அறுப்பிலும் ஒரு மூட்டை நெல் கொடுத்தனுப்புவேன். அதைக் கொடுப்பதை எண்ணி நான் என்னை நல்ல அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து வருடம் கழித்து, ஒரு குடும்பம் என்னிடம் விடுதலைப் பத்திரம் எழுத வந்தது. அண்ணன்மார் மூன்று பேர், ஒரு தங்கை. அந்தப் பெண் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஐயா, இதில் நான் எதை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒருதடவை வாசித்துச் சொல்லுங்கள்" என்றாள். நான் வாசித்தேன். சர்வே எண், நான்கெல்லை, எத்தனை சென்ட் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "சரி, மனசோடத்தான் கொடுக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பியிடம் பேசினேன். அவனுக்கும் உள்ளூர உறுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இருவரும் சேர்ந்து 20 சென்ட்டைத் தங்கை பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதப் போவதாக அவளிடம் சொன்னோம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "வயல் கிடைக்கலைன்னு நான் அழுததில்லண்ணே. அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன். நீங்க கேக்கவே இல்லை. எழுதியில்ல வச்சிருந்தீங்க." அவள் அதை வாங்கிக்கொண்டாள். "இப்ப கேட்டீங்கல்ல, அதனால வாங்கிக்கிறேன்" என்றாள்.

அன்பர்களே, சொத்தை வேண்டாம் என்று சொல்வது பெரிய புண்ணியம். ஆனால் அந்தச் சொல் கொடுக்கப்பட வேண்டும், வாங்கப்படக் கூடாது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1206-இல் ஆயர் முன்னிலையில் தகப்பனின் சொத்தைத் துறந்தார். தகப்பன் வற்புறுத்தித்தான் அவரை அங்கே நிறுத்தினார் என்பது உண்மை. ஆனால் பிரான்சிஸ் தாம் எதைத் துறக்கிறோம் என்று அறிந்து, ஊரார் பார்க்க, கேட்டதற்கும் மேலாக உடுத்த துணியையும் கழற்றிக் கொடுத்தார். அது துறவு. முப்பதாம் நாள் வீட்டில் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் வாசிக்காத காகிதத்தை நீட்டுவது துறவு ஆகாது.

நம் திருச்சபையே இதில் நமக்கு வழிகாட்டுகிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 668-ஆம் சட்டத்தைப் பாருங்கள். வறுமை வாக்குக் கொடுக்கும் துறவிகள்கூட, நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லத்தக்க ஓர் உயிலை எழுதவேண்டும் என்கிறது. எல்லாவற்றையும் விட்டு வருகிறவரிடமே திருச்சபை எழுத்தில் கேட்கிறது. நாம் மட்டும் வாய்ப்பேச்சோடு விடலாமா?

சரி, ஒருவர் உண்மையாகவே மனதார வேண்டாம் என்கிறார். சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு ஊரில் உள்ள இடிந்த வீடு ஒரு சுமையாகக்கூட இருக்கலாம். அவர் என்ன செய்ய வேண்டும்?

தகப்பனார் உயிரோடு இருக்கையிலேயே மகளிடம் "பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கி வைக்கும் வழக்கம் உண்டு. அது வீண் வேலை. வாரிசாக வரலாம் என்ற வெறும் எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்கிறது. இல்லாத பங்கை எப்படி விடுவது?

தகப்பனார் இறந்தபின், உயில் இல்லாவிட்டால், பங்கு அந்தந்த வாரிசுக்குத் தானாகவே வந்துவிடுகிறது. வாயால் வேண்டாம் என்றால் போகாது. நிலம், வீடு என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யவேண்டும். யாருக்காக விடுகிறோம் என்பதைத் தெளிவாக எழுதவேண்டும். ஒருமுறை பதிந்தால் பின்பு நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. ஆகவே துக்க வீட்டில் கையெழுத்து வேண்டாம். ஒரு வருடப் பூசை கழியட்டும். பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். எழுதியதை உரக்க வாசிக்கட்டும்.

உயில் மூலம் வருவதானால், ஏற்க மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு கடமையோடு சேர்த்துக் கொடுத்த சொத்தை முழுவதாக ஏற்கவேண்டும், அல்லது விடவேண்டும். பாதியை மட்டும் எடுக்க முடியாது. தனித்தனியாகக் கொடுத்த இரண்டு சொத்துகளில் ஒன்றை எடுத்து மற்றதை மறுக்கலாம். வாரிசுரிமைச் சட்டத்தின் 122, 123-ஆம் பிரிவுகள் இவை. ஆகவே உயில் எழுதுகிற பெற்றோரே, நலமில்லாத தங்கையைப் பார்த்துக்கொள்ளும் கடமையோடு வீட்டைக் கொடுப்பதானால் அதைச் சேர்த்தே எழுதுங்கள். வயலைத் தனியாக எழுதுங்கள். "இவர் ஏற்காவிட்டால் இன்னாருக்கு" என்று ஒரு வரியும் சேருங்கள்.

கடனுக்குப் பயந்து சொத்தையே வேண்டாம் என்பவர்களும் உண்டு. தகப்பனார் பட்ட கடன், அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசைத் தொடரும். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொடாது. நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை.

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு பழைய கதை சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், தமக்குக் கிடைத்த பெருஞ்செல்வத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் அந்தக் கால்வாயை வெட்டினார் என்பது கதை. கதை எப்படியும் இருக்கட்டும். தலைமடையில் இருப்பவன் காலாகாலத்தில் பலகையைத் திறந்தால்தான் கடைமடையில் பயிர் பிழைக்கும் என்பது அந்தக் கால்வாயில் பாய்ச்சுகிற எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தின் தலைமடையில் இருப்பவர்கள் நீங்கள். உயில் எழுதினால் சீக்கிரம் சாவு வரும் என்று பயப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உயில் எழுதி முப்பது வருடம் வாழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். சுயபுத்தியோடு, யார் கட்டாயமும் இல்லாமல் எழுதிக் கையெழுத்திடவேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுகிறவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போடக்கூடாது. போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமற் போகும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது. உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும் என்பதை நம் வாலிபர்கள் நினைவில் வைக்கவும். முன்பெல்லாம் கிறிஸ்தவர் உயிலுக்கு நீதிமன்றத்தில் புரோபேட் வாங்கியே ஆகவேண்டும். 2002-இல் வந்த திருத்தத்தால் அந்தக் கட்டாயம் நமக்கு நீங்கிவிட்டது.

உயிரோடு இருக்கையிலேயே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். அது அன்றே கைமாறிவிடும். எழுதிக் கொடுத்தபின் திண்ணைக்கு வந்த தாய் தகப்பன்மாரை நான் அறிவேன். எழுதத்தான் வேண்டுமென்றால், கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

கோவிலுக்கோ அநாதை இல்லத்துக்கோ உயிலில் எழுத விரும்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி. உடன்பிறந்தார் மக்களோ அதைவிட நெருங்கிய உறவோ உள்ள கிறிஸ்தவர், சாவுக்குப் பன்னிரண்டு மாதம் முன்னதாக எழுதி, எழுதிய ஆறு மாதத்துக்குள் அதற்குரிய இடத்தில் ஒப்படைத்த உயிலால் மட்டுமே தர்மத்துக்குக் கொடுக்கலாம் என்று 118-ஆம் பிரிவு கட்டுப்படுத்தியிருந்தது. கேரளத்துக் குருவானவர் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில், 2003 ஜூலை 21-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தள்ளியது. இப்போது தாராளமாக எழுதலாம். ஆனால் என் கருத்து இது: வீட்டிலுள்ள விதவை மருமகளுக்கு ஒரு கூரையை எழுதிவிட்டு, பிறகு கோவிலுக்கு எழுதுங்கள். மாதா அதைத்தான் விரும்புவாள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இந்தப் பொன்விழா ஆண்டு முடிவதற்குள், வயதான ஒவ்வொரு தகப்பனும் தாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப்பின் பிள்ளைகள் எல்லோரையும், மகள்மாரையும் சேர்த்து, வீட்டில் உட்கார வையுங்கள். இருப்பது என்ன, கடன் என்ன என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, "உனக்கு என்ன வேண்டும், எது வேண்டாம்?" என்று கேளுங்கள். கடைசிப் பிள்ளையையும் கேளுங்கள். பேசாமல் இருக்கிற மகளை இரண்டு தடவை கேளுங்கள். அதன்பிறகு எழுதுங்கள்.

என் தகப்பனார் அப்படிக் கேட்டிருந்தால் என் தங்கை பதினைந்து வருடம் மனதுக்குள் வைத்திருந்த பாரம் இருந்திருக்காது. நான் கேட்டிருந்தாலும் இருந்திருக்காது. அவள் இன்று இந்தக் கூட்டத்தில், பெண்கள் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். இந்தத் தடவை முதலிலேயே கேட்டுவிட்டேன். "சொல்லுங்கண்ணே, யாருக்காவது உதவும்" என்றாள்.

நாசரேத்துத் திருக்குடும்பம் நம் குடும்பங்களைக் காப்பதாக.